கோடையில் திறந்திருக்கும் பள்ளிக்கூடம்

நான் வளர்ந்த ஊரில் கோடை என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. ஏப்ரலில் முழுப் பரீட்சை முடியும். மே மாதம் முழுக்க மாமா வீட்டு வேப்ப மரத்தடி. ஜூன் பிறந்தால் புதுப் புத்தக வாசனை. இங்கிலாந்துக்கு வந்து, மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் கோடைக்கென்றே ஒரு பருவம் உண்டு என்பது எனக்கு உறைத்தது. இங்கே படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஏப்ரலில் வருவது மூன்றாவது பருவம், 'சம்மர் டெர்ம்'. மே கடைசியில் ஒரு வாரம் மூச்சு விட்டுவிட்டு, ஜூலை மூன்றாம் நான்காம் வாரம் வரை ஓடும்.

அந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் மகளின் புத்தகப் பையில் ஒரு தாள் வந்தது. இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளை என்னென்ன படிக்கப் போகிறாள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். அவள் 'இயர் 1', அதாவது ஐந்து முடிந்து ஆறை எட்டும் வயது. ஒலிகள், பாதி, கால், கடிகாரம், செடிகள், பருவநிலை, அளவுகள். தமிழ்ப் பெற்றோர் சிலரோடு பேசும்போது எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இவ்வளவுதானா? நம்ம ஊரில் இந்த வயசுக்கு எவ்வளவு எழுத வைப்பாங்க!" முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, தினமும் அவள் வந்து சொல்வதைக் கேட்கக் கேட்க, வேறொன்று தெரிந்தது. அந்தக் கட்டங்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே எங்கள் வீட்டில், எங்கள் மொழியில் இருந்தது. நான்தான் அதை எடுத்து அவள் கையில் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒலிகளிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பருவத்தில் இயர் 1 பிள்ளைகளுக்கு முக்கியமானது அதுதான். ஜூன் மாதம் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இந்த வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியை ஒவ்வொருவராக அருகில் உட்கார வைத்து 40 சொற்களை வாசிக்கச் சொல்வார். 'ஃபோனிக்ஸ் ஸ்கிரீனிங் செக்', அதாவது ஒலிச் சோதனை என்று பெயர். 2012 முதல் நடக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். 40-இல் 32 சரியாக வாசித்தால் எதிர்பார்த்த நிலையை எட்டியதாகக் கணக்கு. தொடக்கத்திலிருந்து அந்த 32 மாறவில்லை. எட்டாத பிள்ளைக்கு உதவி கொடுத்து, அடுத்த ஆண்டு இயர் 2-இல் மறுபடி பார்ப்பார்கள். முதல் ஆண்டில் 58 சதவீதப் பிள்ளைகள் அந்த அளவை எட்டினார்கள், 2024-இல் 80 சதவீதம்.

அந்த 40 சொற்களில் 20 சொற்கள் சொற்களே அல்ல. எந்த அகராதியிலும் இல்லாத, இட்டுக்கட்டிய எழுத்துக் கூட்டங்கள். பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும், அதன் பெயர் அது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் 'ஏலியன் வார்த்தை' என்பார்கள். அர்த்தமில்லாததை ஏன் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. 'டாக்' என்ற சொல்லை ஒரு குழந்தை பார்த்த பழக்கத்தில், படம் போல, அடையாளம் கண்டு சொல்லிவிடலாம். முன்பின் பார்த்திராத ஒன்றை எழுத்தெழுத்தாக ஒலியாக்கிச் சேர்க்கத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் இங்கே வழுக்குவதும் உண்டு. 'ஸ்ட்ரோம்' என்று எழுதியிருந்தால், அப்படி ஒரு சொல் இருக்காது, 'ஸ்டார்ம்' என்றுதான் இருக்க வேண்டும் என்று அவர்களே திருத்தி வாசித்துவிடுவார்கள். ஆகவே வீட்டில் ஒன்றைச் சொல்லி வைத்தால் போதும்: ஏலியன் படம் இருந்தால் அர்த்தம் தேடாதே, இருப்பதை இருக்கிறபடியே சொல்.

இங்கேதான் நான் தவறாகத் தொடங்கியிருந்தேன். அவள் நான்கு வயதில் பள்ளிக்குப் போவதற்கு முன்பே ஏ, பி, சி, டி 26 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வைத்து, வரிசையாக எழுதவும் வைத்தேன். பெருமையாக இருந்தது. ஆனால் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'டபிள்யூ' என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கு 'வ்' கேட்கும்? பள்ளியில் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலிகள், அவற்றுக்கு 26 எழுத்துகள்தான். அதனால் எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்து ஒரு 'ஷ்', சியும் ஹெச்சும் சேர்ந்து ஒரு 'ச்' என்று இரண்டு மூன்று எழுத்துகள் கூட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசிப்பு கற்பிப்பதைப் பற்றி 2006-இல் ஜிம் ரோஸ் என்பவர் அரசுக்குக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இந்த ஒலிவழி முறை இங்கே எல்லாப் பள்ளிகளிலும் வேரூன்றியது.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ம" என்று சொல்லாதீர்கள், உதட்டை மூடி "ம்ம்ம்" என்று மட்டும் சொல்லுங்கள். "ட" வேண்டாம், "ட்" போதும். கடைசியில் ஓர் உயிரொலியை ஒட்டிவிட்டால், பிள்ளை சேர்த்துப் பார்க்கும்போது பூனையைக் குறிக்கும் 'கேட்' என்பது 'க-அ-ட' என்று இழுத்துக்கொண்டு நிற்கும், சொல் பிறக்காது. சுற்றி இருந்த ஆங்கிலேயப் பெற்றோர் பலருக்கு அது புதிதாக இருந்தது. அவர்கள் உதட்டைக் குவித்துப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது மெய்யெழுத்து! தலையில் புள்ளி வைத்தால் உயிர் கழன்றுவிடும் என்று எனக்கு ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ம் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் ம. இவர்கள் 'ப்ளெண்டிங்' என்று சொல்வதை நாம் உயிர்மெய் என்று பெயர் வைத்து, அதற்கென்று எழுத்தே செய்து வைத்திருக்கிறோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. நாம் மெய்யைச் சொல்லும்போது 'இக், இங், இச்' என்று முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துச் சொல்வோம். அதையும் விட்டுவிட்டு வெறும் ஒலியைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் விளையாட்டாகத் தொடங்கினேன். "ம்... ஈ... ன். என்ன சொல்லு?" ஒரு நொடி யோசித்தாள். "மீன்!" "ப்... ஆ... ல்?" "பால்!" "ந்... ஆ... ய்?" பேருந்து வருவதற்குள் பத்துச் சொல் ஆயிற்று. பிறகு அவளே என்னைக் கேட்டாள்: "க்... ஆ... ல். சொல்லுங்கம்மா." பள்ளியில் ரோபோ மாதிரிப் பேசுவது என்று இதே விளையாட்டை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளை, தமிழில் நன்றாகத் தெரிந்த சொற்களை வைத்துச் சேர்க்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு வாரத்தில் ஆங்கிலச் சொற்களும் சேர ஆரம்பித்தன. சேர்க்கும் வித்தை ஒன்றுதான். எந்த மொழியில் பிடிபட்டாலும் பிடிபட்டதுதான்.

இந்தப் பருவத்தில் இன்னொரு கடினமான இடம், பிரிந்து நிற்கும் உயிர். 'கிட்' என்ற சொல்லின் கடைசியில் ஆங்கில ஈ (e) எழுத்தைச் சேர்த்தால் அது 'கைட்' ஆகிவிடும். 'ஹாப்' என்பது 'ஹோப்' ஆகிவிடும். 'கைட்'டின் நடுவில் இருக்கும் ஐ (i) எழுத்தும் கடைசியில் இருக்கும் ஈ எழுத்தும் சேர்ந்து ஒரே ஒலி. ஆனால் இடையில் ஒரு மெய்யை விட்டு இரண்டு பக்கமும் நிற்கின்றன. நிறையப் பிள்ளைகளுக்கு இது புரியவே நாளாகும், ஏனென்றால் அதுவரை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு போனவர்கள் இங்கே முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். மகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே அந்த வாரம் 'கோ' எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் ஓர் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். எழுதிவிட்டு நிமிர்ந்து சொன்னாள்: "அம்மா, இதுவும் கட்டிப் பிடிச்சிருக்கு. கைட்டில் டி-யைக் கட்டிப் பிடிச்ச மாதிரி." எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்த எழுத்து. அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, பிள்ளைகளோடு வேலை பார்க்கும் ஒருவர், "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவாள்" என்று அக்கறையோடுதான் சொன்னார். நான் பயந்துபோய் ஏழெட்டு மாதம் அவளிடம் தமிழ் பேசுவதைக் குறைத்தேன். அவளைத் தூங்க வைக்கும்போதுகூட எனக்கு வராத மொழியில் கொஞ்சினேன். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் மழலையர் கல்விக்கான அரசு விதிமுறையே, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் அந்த மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்தி வளர்த்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. யாராவது உங்களிடம் தமிழை நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தப் பருவத்தில் 100 வரையும் அதைத் தாண்டியும் எண்ணுவது, இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக எண்ணுவது, நாணயங்களை அடையாளம் காண்பது எல்லாம் உண்டு. அவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சில்லறையைக் கையில் கொடுத்தால் வந்துவிடும். எனக்குப் பிடித்தது பாதியும் காலும்தான்.

இரண்டு சமமான பங்கில் ஒன்றுதான் பாதி என்பது பாடம். ஆறு வயதில் இந்தச் 'சமமான' என்பதுதான் பிடிபடாது. தோசையைப் பிய்த்து, "பெரிய பாதி எனக்கு, சின்னப் பாதி தம்பிக்கு" என்றாள். ஆங்கிலத்திலும் பிள்ளைகள் இதே மாதிரித்தான் சொல்கிறார்களாம். நான் பாதி என்பதை விட்டுவிட்டு 'சரிபாதி' என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லுக்குள்ளேயே சமம் உட்கார்ந்திருக்கிறது. "இது சரிபாதியா?" என்று கேட்டால், ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறாள். தோசை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுச் சமன் செய்கிறாள்.

கால் பங்குக்கு நாற்காலி உதவியது. நாலு கால் உள்ளது நாற்காலி. நாலு கால் சேர்ந்தால் ஒரு முழு நாற்காலி, நாலு கால் சேர்ந்தால் ஒரு முழு தோசை. கடிகாரத்தில் இந்த ஆண்டு முழு மணியும் அரை மணியும் மட்டும்தான். காலும் முக்காலும் அடுத்த ஆண்டு. 'ஹாஃப் பாஸ்ட் ஃபோர்' என்று சொல்லும்போது அவளுக்கு முன்பின் குழம்பும். நாலரை என்றதும் நாலும் அரையும் என்று தெளிவாகிவிட்டது. கால் கிலோ, அரை லிட்டர், முக்கால் மணி நேரம், ஒன்றேகால் என்று பின்னங்களை நாள் முழுக்க வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நாம். பிள்ளையின் காதில் அது விழ வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் மற்ற வகுப்புகளில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. இயர் 1-க்கு முந்தைய வகுப்பான 'ரிசெப்ஷன்' பிள்ளைகளுக்கு இது ஆண்டு இறுதி. 17 இலக்குகளை வைத்து ஆசிரியை அவர்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பார், பரீட்சை கிடையாது. இயர் 4 பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் கணினியில் வாய்ப்பாட்டுச் சோதனை. 12 வரை, 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி. நம் வீடுகளில் தாத்தா பாட்டி 16-ஆம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவர்கள். அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஆண்டு என் அப்பா ஏப்ரலில் வந்திருக்கிறார். கும்பகோணம் பக்கத்தில் வயலோடு வாழ்ந்தவர். அறிவியலில் இந்தப் பருவம் செடிகள். சுற்றுப்புறத்தில் தானாக முளைப்பவை, தோட்டத்தில் வளர்ப்பவை, இலை உதிர்க்கும் மரங்கள், உதிர்க்காத மரங்கள் ஆகியவற்றின் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேர், தண்டு, இலை, பூ என்று பகுதிகளையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இந்த ஊர்ச் செடி ஒன்றும் தெரியாது, ஆங்கிலமும் குறைவு. ஆனால் ஒரு செடியை எப்படிப் பார்ப்பது என்று தெரியும். பள்ளியிலிருந்து பூங்கா வழியாகத்தான் இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். பாதைக்கு இரு பக்கமும் டெய்சி, டேன்டிலயன், பட்டர்கப், மே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் ஹாதார்ன் வேலி. அவள் பெயர் சொல்வாள், அவர் குனிந்து இலையின் அடியைத் திருப்பிக் காட்டுவார்.

ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். கையில் நெட்டில் பட்டுத் தடித்திருந்தது. அப்பா சொன்னார்: "ஒண்ணுமில்ல கண்ணு, நம்ம ஊர்க் காஞ்சொறி மாதிரிதான் இது. இலை மேல பொடி முள்ளு இருக்கு பாரு, அதுதான் கடிச்சிருக்கு. கழுவினா சரியாப் போயிடும்." மறுநாள் வகுப்பில் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். என் தாத்தா ஊரில் இன்னொரு கடிக்கிற செடி இருக்கிறது என்று. காஞ்சொறி என்ற சொல்லை ஆசிரியை பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தாராம். வகுப்பே அதை ஒலித்து ஒலித்துச் சேர்த்துப் படித்ததாம்.

"வேப்ப மரம் எவர்கிரீனா தாத்தா?" என்று அவள் கேட்டபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். "மாசி பங்குனியில் கொட்டும். ஆனா கொட்டி முடியறதுக்குள்ள தளிர் வந்துடும். வருஷம் முழுக்கப் பச்சைதான், உதிராமலும் இல்ல." இங்கே ஓக் மரம் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பதைப் பார்த்த பிள்ளை அவள். இரண்டு பெட்டியில் எதிலும் அடங்காத மரம் ஒன்று இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டாள். தாளில் அதை நடுக்கோட்டின் மேல் வரைந்து வைத்திருக்கிறாள்.

பகல் எவ்வளவு நீள்கிறது என்று கவனிப்பதும் பாடத்தில் உண்டு. ஜூன் கடைசியில் லண்டனில் பகல் 16½ மணி நேரத்தைத் தாண்டிவிடும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சென்னையில் அதே நாளில் ஏறக்குறைய 13 மணி நேரம். வெயில் இருக்கும்போது ஏன் தூங்க வேண்டும் என்று தினமும் எட்டு மணிக்கு ஒரு வழக்கு. அப்பாவும் அவள் கட்சி. ஊரில் சித்தியை அழைத்து, "அங்கே இருட்டிடுச்சா?" என்று கேட்டு, ஒரு நோட்டில் இரண்டு ஊர்ப் பொழுதையும் எழுதி வருகிறாள். கடிகாரமும் பருவநிலையும் பூமிப்படமும் அந்த ஒரு நோட்டிலேயே வந்துவிட்டன.

ஜூலையில் விளையாட்டு விழா. நாம் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடியதை இங்கே முட்டையை வைத்து ஓடுகிறார்கள். சாக்கு ஓட்டம் அப்படியே இருக்கிறது. அப்புறம் ஆண்டறிக்கை வரும், ஒலிச் சோதனையின் முடிவும் சொல்வார்கள். புது ஆசிரியையோடு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு விடுமுறைக்குப் போவார்கள்.

இதை எழுதும்போது ஒலிச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பள்ளியிலிருந்து ஈரப் பஞ்சோடு கொடுத்தனுப்பிய அவரை விதை, சமையலறை ஜன்னலில் கண்ணாடிக் குவளையிலிருந்து தொட்டிக்கு மாறி, குச்சியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அளவுகோல் அடுத்த வாரம்தான், இந்த வாரம் கையால், பென்சிலால், எதனால் வேண்டுமானாலும் அளக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்துச் சாண் என்றால் என்ன என்று காட்டினார். அவர் கைக்குச் செடி சரியாக ஒரு சாண். அவள் தன் கையை வைத்தாள். எட்டவில்லை. கையை எடுத்து மேலே வைத்து மறுபடி அளந்தாள், பாதியில் நுனி வந்துவிட்டது. இரண்டு முறை சரிபார்த்தாள்.

"தாத்தா, உங்க சாணுக்கு ஒண்ணு. என் சாணுக்கு ஒண்ணரை. செடி ஒண்ணுதானே, ஏன்?"

அப்பா பதில் சொல்லவில்லை. தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார்.